பூஜ்ஜியம் காட்டும் உணரி: காரீய அளவீட்டில் வரும் கோளாறுகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

தைப்பூசத்துக்காக ஊரிலிருந்து பினாங்கு வந்த என் அத்தை, கும்பகோணத்தில் வாங்கிய ஈயச் சொம்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அதில் அவர் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, மிச்சத்தைச் சின்ன பாட்டிலில் ஊற்றி மறுநாள் லேபுக்கு எடுத்துப் போனேன். காரீயத்தை மின்னோட்டக் கோடாக வரைந்து காட்டும் உணரியில் வைத்து அளந்தேன். காரீயம் எழ வேண்டிய இடத்தில் கோடு தட்டையாக ஓடியது. நிம்மதியாக இருந்தது. மதியத்துக்கு மேல் ஏதோ தோன்ற, அதே ரசத்தில் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற கணக்கில் காரீயத்தை நானே சேர்த்து மறுபடி அளந்தேன். அப்போதும் கோடு தட்டைதான்.

அப்படியென்றால் காலையில் எடுத்த அளவீட்டுக்கு எந்த மதிப்பும் கிடையாது. ரசத்துக்குள் போனதும் உணரிக்குக் கண் மறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

காரீய உணரி செய்து பார்க்கும் மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் கோளாறுகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். அளவு அதிகமாகக் காட்டினால் எல்லாரும் பதறிப்போய் இன்னொரு தடவை அளப்பார்கள். குறைவாகக் காட்டினால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை; அந்தத் தண்ணீரை ஒரு குழந்தை குடித்துக்கொண்டே இருக்கும். 2017இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ., எங்கள் உணரியைப் போலவே உலோகத்தை மின்முனையில் படியவிட்டுக் கரைத்து அளக்கும் ஸ்ட்ரிப்பிங் முறையில் இயங்கும் ஓர் இரத்தச் சோதனைக் கருவி, சிரையிலிருந்து எடுத்த இரத்தத்தில் காரீயத்தைக் குறைத்துக் காட்டுகிறது என்று எச்சரித்தது. தேடிப் பார்த்தபோது இரத்தம் சேகரிக்கும் குழாயின் ரப்பர் மூடியில் இருந்த ஒரு சேர்மத்தின் மேல்தான் சந்தேகம் விழுந்தது. மின்முனை, மென்பொருள் என்று தேடுகிற யாரும் மூடியை முதலில் பார்த்திருக்க மாட்டார்கள். அதனால்தான் இந்தக் குறிப்பில் முகடு (கோட்டில் காரீயம் எழுப்பும் மேடு) வராத அறிகுறிக்கும் குறைந்து வரும் அறிகுறிக்கும் நிறைய இடம் கொடுத்திருக்கிறேன்.

நான் எந்த அமைப்பை வைத்துப் பேசுகிறேன்

கார்பன் மின்முனையை −1.0 வோல்ட்டில் பிடித்து வைத்தால், கரைசலில் உள்ள காரீய அயனிகள் எலெக்ட்ரான் பெற்று உலோகமாக அதன்மேல் படியும். சில நிமிடம் சேர்த்தபின் மின்னழுத்தத்தை மெல்ல நேர்ப்பக்கம் ஏற்றினால், படிந்த ஒவ்வோர் உலோகமும் தனக்கென்று உள்ள இடத்தில் கரைந்து வெளியேறும். அப்போது மின்னோட்டம் மேடாக எழுந்து இறங்கும். அதைத்தான் முகடு என்கிறேன். வெள்ளி–வெள்ளிக் குளோரைடு ஒப்பு மின்முனையோடு (மின்னழுத்தத்தை ஒப்பிட்டு அளக்கப் பக்கத்தில் வைக்கும் இன்னொரு மின்முனை) ஒப்பிட்டால் துத்தநாகம் −1.1 வோல்ட் பக்கம் வரும், காட்மியம் −0.8 பக்கம், காரீயம் −0.5க்கும் −0.6க்கும் நடுவில். பிஸ்மத் அதற்கும் வலப்பக்கம், −0.2ஐ ஒட்டி.

செக் நாட்டு ஹெய்ரோவ்ஸ்கி 1922இல் பாதரசத் துளியை வைத்துத் தொடங்கியது இந்த வழி. 1959இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பாதரசம் இன்றும் நல்ல முகடு தரும். ஆனால் மாணவர்கள் நடமாடும் அறையில் அதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. 2000ஆம் ஆண்டில் ஜோசப் வாங் குழுவினர் பாதரசத்துக்குப் பதிலாக மின்முனையின் மேல் பிஸ்மத் உலோகப் படலம் போதும் என்று காட்டினார்கள். நாங்களும் அதையே செய்கிறோம்.

என் வழக்கமான செய்முறை: 0.1 மோலார் அசிடேட் பஃபர் (அமிலத்தன்மையை மாறாமல் பிடித்து வைக்கும் கரைசல்), பிஎச் 4.5, அதில் 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு. லிட்டருக்கு 500 மைக்ரோகிராம் பிஸ்மத். கலக்கிக்கொண்டே 180 வினாடி படியவிட்டு, கலக்கியை நிறுத்தி 15 வினாடி ஓயவிட்டு, 25 ஹெர்ட்ஸ் ஸ்கொயர் வேவில், அதாவது சதுரத் துடிப்புகளாக மின்னழுத்தத்தை ஏற்றி, ஓட்டுவேன். ஒவ்வோர் ஓட்டத்துக்கும் நடுவில் +0.3 வோல்ட்டில் ஒரு நிமிடம் கலக்கி மின்முனையைக் கழுவிவிடுவேன். மலேசியக் குடிநீர்த் தரத்திலும் உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டுதலிலும் காரீயத்தின் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். மோல் கணக்கில் 48 நானோமோலார். இவ்வளவு சிறிய அளவைத் தேடும்போது பாட்டில், விரல், மூடி எல்லாமே கருவியின் பாகம்தான்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மூன்று ஓட்டம் ஓட்டுங்கள். பஃபர் மட்டும், பஃபரோடு 20 மைக்ரோகிராம் காரீயம் (இனி மைக்ரோகிராம் என்றாலே லிட்டருக்கு என்று கொள்ளுங்கள்), உங்கள் மாதிரியோடு 20 மைக்ரோகிராம் காரீயம். இந்த மூன்று கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்காமல் எந்தத் திருகையும் தொடாதீர்கள்.

அறிகுறி: முகடே இல்லை

காரீயத்தைத் தேடாதீர்கள், முதலில் பிஸ்மத்தைத் தேடுங்கள். வழக்கு அங்கேயே இரண்டாகப் பிரிந்துவிடும்.

பிஸ்மத் முகடும் இல்லையென்றால் கோளாறு மின்சுற்றிலோ படியவிடும் படியிலோ இருக்கிறது. கோடு முழுவதும் பூஜ்ஜியத்தை ஒட்டி ஓடினால் எங்கோ தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. பினாங்கு காற்றின் ஈரத்தில் இணைப்பியின் ஊசிகள் பச்சை பூத்துவிடுவதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்துக் காயவிட்டு மறுபடி செருகுங்கள். ஒப்பு மின்முனையின் நுனியில் காற்றுக்குமிழ் சிக்கியிருக்கிறதா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். காய்ச்சல் மானியை உதறுவதுபோல் இரண்டு உதறு உதறினால் போய்விடும். அச்சிட்ட பட்டை மின்முனை (மின்முனைகளை அச்சிட்ட, ஒரு முறை பயன்படுத்தும் பட்டை) என்றால், உறையைத் திறந்து எத்தனை நாள் ஆயிற்று என்று பாருங்கள். சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்கு வெளியே கிடந்த பட்டைகளை நான் அளவீட்டுக்கு எடுப்பதில்லை.

தொடர்பெல்லாம் சரி என்றால் மின்முனைக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வேறொரு கிண்ணத்தில் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் பொட்டாசியம் குளோரைடும் கலந்த கரைசலில் மின்னழுத்தத்தை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். ஏறும் முகட்டுக்கும் இறங்கும் முகட்டுக்கும் உள்ள இடைவெளி கோட்பாட்டுப்படி 59 மில்லிவோல்ட். மெருகேற்றிய கண்ணாடிக் கார்பனில் (கண்ணாடிபோல் வழவழப்பான கார்பன் வகை) 70, 80 வந்தால் சந்தோஷப்படலாம். அச்சிட்ட பட்டையில் அது இன்னும் அகலமாகத்தான் வரும். முகடே எழாமல் கோடு சாய்ந்து கிடந்தால் அந்த மின்முனையின் காலம் முடிந்துவிட்டது. இந்தச் சோதனையை மட்டும் காரீயம் அளக்கும் கிண்ணத்தில் செய்யாதீர்கள்; ஃபெர்ரிசயனைடு ஒட்டிக்கொண்டு அடுத்த நாள் வேலையைக் கெடுக்கும்.

பிஸ்மத் நன்றாக எழுகிறது, காரீயம் மட்டும் இல்லை என்றால் கோளாறு கரைசலில் இருக்கிறது. இங்கே மூன்று பேர் மேல் எனக்குச் சந்தேகம் விழும்.

முதலாவது, உங்கள் ஸ்டாண்டர்ட் கரைசலே, அதாவது ஒப்பிடுவதற்காகத் தெரிந்த அளவு காரீயம் போட்டு வைத்த கரைசல். ஒரு வெள்ளிக்கிழமை, மாணவி ஒருவர் 100 மைக்ரோகிராம் காரீயக் கரைசலைச் சுத்தமான வெறும் தண்ணீரில் தயாரித்துக் கண்ணாடிக் குடுவையில் வைத்துவிட்டுப் போனார். திங்கட்கிழமை முகடு பாதிகூட இல்லை. இரண்டு நாள் மின்முனையை மெருகேற்றி மெருகேற்றி ஓய்ந்துபோனார். காரீயம் எங்கும் போகவில்லை, குடுவையின் சுவரில் ஒட்டிக்கொண்டு இருந்தது. நடுநிலைத் தண்ணீரில் காரீய அயனி கண்ணாடியோடு ஒட்டும் குணமுள்ளது. சரிசெய்வது எளிது: கெட்டியான கரைசலை 2 சதவீத நைட்ரிக் அமிலத்தில், பாலிஎத்திலீன் அல்லது பாலிபுரொப்பிலீன் பாட்டிலில் வையுங்கள். நீர்த்த கரைசலை அன்றன்று தயாரியுங்கள். புதுப் பாட்டிலாக இருந்தாலும் 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஒரு இரவு ஊறவைத்து, சுத்தநீரில் பல முறை அலசிய பிறகே எடுங்கள்.

இரண்டாவது, பிஎச். இதில் விழாதவர் யாரும் இல்லை. மாதிரியைப் பாதுகாக்க நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பிஎச் 2க்குக் கீழே வைக்கச் சொல்கிறோம், அது சரிதான். 1 சதவீத நைட்ரிக் அமிலம் ஏறக்குறைய 0.14 மோலார். ஆனால் பிஎச் 4.5இல் உள்ள 0.1 மோலார் அசிடேட் பஃபரில் அமிலத்தைத் தாங்கக் கூடிய அசிடேட் 0.035 மோலார்தான். இரண்டையும் சரிபாதி கலந்தால் பஃபர் ஒரு நொடியில் சரிந்துவிடும். அப்புறம் −1.0 வோல்ட்டில் ஹைட்ரஜன் குமிழ்விடத் தொடங்கும்; படலத்தைப் பிய்த்துக்கொண்டு போகும். மின்முனையின் மேல் சின்னச் சின்னக் குமிழ் தெரிந்தாலே பிஎச் காகிதத்தை எடுங்கள். 1 மோலார் அசிடேட்டுக்கு மாறுங்கள், அல்லது தூய சோடியம் ஹைட்ராக்சைடு விட்டு முதலில் அமிலத்தைத் தணியுங்கள். பிஎச் மீட்டரின் மின்முனையை மாதிரிக்குள் முக்க வேண்டாம். அதிலிருந்து கசிவதும் ஒட்டியிருப்பதும் உள்ளே போகும். இரண்டு சொட்டைத் தனியே எடுத்துப் பாருங்கள்.

மூன்றாவது, மாதிரிக்குள் இருக்கும் கரிமப் பொருள்கள். ஆற்று நீரில் இலைதழை மக்கிச் சேரும் ஹியூமிக் பொருள்கள், பாத்திரம் கழுவிய சோப்பு, எண்ணெய், எங்கள் ரசத்தில் இருந்த எல்லாமும். இவை மின்முனையின் மேல் போர்வைபோல் படர்ந்துவிடும், அல்லது காரீயத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு படியவிடாது. பஃபரில் சேர்த்த 20 மைக்ரோகிராம் எழுகிறது, மாதிரியில் சேர்த்த 20 மைக்ரோகிராம் எழவில்லை என்றால் காரணம் இதுதான். மாதிரியைப் பத்து மடங்கு நீர்க்கச் செய்து பாருங்கள். முகடு தலைகாட்டினால் உறுதி. முறையான தீர்வு, நைட்ரிக் அமிலமும் ஹைட்ரஜன் பெராக்சைடும் விட்டுப் புகைக்கூண்டுக்குள் சூடாக்கிக் கரிமத்தை எரித்துவிடுவது. குழாய்த் தண்ணீருக்குப் பெரும்பாலும் இது தேவைப்படாது.

அறிகுறி: முகடு வருகிறது, ஆனால் அளவு குறைவாகச் சொல்கிறது

இது முந்தையதைவிட ஆபத்தானது. பார்க்க எல்லாம் ஒழுங்காக இருக்கும். அளவுக்கோடு (தெரிந்த அளவுகளுக்கு முகடு எவ்வளவு என்று வரைந்த கோடு) நேராக இருக்கும், ஓட்டத்துக்கு ஓட்டம் எண்ணும் மாறாது. எண் மட்டும் தப்பு.

பஃபரில் வரைந்த அளவுக்கோட்டை வைத்து மாதிரியைப் படிப்பதுதான் காரணம். மாதிரிக்குள் மின்முனையின் உணர்திறன் குறைந்துபோனால் அந்தக் கோட்டுக்கு அது தெரியாது. அதனால் மாதிரிக்குள்ளேயே தெரிந்த அளவு காரீயத்தைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். உதாரணம்: மாதிரியின் முகடு 1.2 மைக்ரோஆம்பியர். 10 மைக்ரோகிராம் சேர்த்ததும் 2.0 ஆகிறது. அப்படியானால் இந்த மாதிரியில் 10 மைக்ரோகிராமுக்கு 0.8 மைக்ரோஆம்பியர், முதலில் இருந்தது 15 மைக்ரோகிராம். பஃபரோடு சரிபாதி கலந்திருந்தால் அசல் தண்ணீரில் 30. ஒரு தடவை மட்டும் சேர்த்து நிறுத்தாமல் மூன்று தடவை சேருங்கள். மூன்றும் ஒரே நேர்கோட்டில் விழுகிறதா என்று பாருங்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. ஸ்ட்ரிப்பிங் முறை கரைந்து, கட்டில்லாமல் இருக்கும் காரீயத்தை மட்டுமே பார்க்கும். பழைய குழாயிலிருந்து உதிர்ந்த துகளில் இருக்கும் காரீயம் அதன் கண்ணில் படாது. தண்ணீரை வடிகட்டி அளந்துவிட்டு, வடிதாளில் நின்றதைச் சாக்கடைக்கு அனுப்பாதீர்கள்; மொத்தக் காரீயம் வேண்டுமென்றால் அமிலம் சேர்த்துக் குறைந்தது 16 மணி நேரம் வைத்த, வடிகட்டாத தண்ணீரை எடுங்கள்.

மாதிரி எடுத்த நேரத்தையும் கேளுங்கள். ஜார்ஜ் டவுனில் பழைய கடைவீடு ஒன்றில் தண்ணீர் எடுக்கச் சொன்னால், பையன் மதியம் போய், குழாயைத் திறந்து நன்றாக ஓடவிட்டு, பளபளவென்று ஒரு பாட்டில் கொண்டுவருவான். அது பெரிய குழாயில் இருந்த தண்ணீர். பித்தளைக் குழாய்முனையிலும் வீட்டுக் குழாயிலும் இரவெல்லாம் நின்ற தண்ணீர்தான் காரீயத்தைக் கரைத்து வைத்திருக்கும். விடிந்ததும் முதல் ஆளாகத் திறந்து, முதல் லிட்டரைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஓடவிட்ட பிறகு இரண்டாவது பாட்டில். இரண்டையும் தனித்தனியே அளந்து ஒப்பிட்டால்தான் காரீயம் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்.

அறிகுறி: ஓட்டத்துக்கு ஓட்டம் முகடு சிறுத்துக்கொண்டே போகிறது

முந்தைய ஓட்டத்தின் படலம் முழுதாகக் கழுவப்படவில்லை, அல்லது மேற்பரப்பில் அழுக்கு சேர்கிறது. +0.3 வோல்ட் கழுவலை இரண்டு நிமிடமாக்கிப் பாருங்கள். கண்ணாடிக் கார்பன் என்றால் 0.05 மைக்ரான் அலுமினாப் பொடியில் எட்டுப் போடுவதுபோல் சுழற்றித் தேய்த்து, சுத்தநீரில் அலசுங்கள். பட்டை என்றால் புதியதை எடுங்கள். ஒரு முறை பயன்படுத்தும் பொருளைப் பத்து முறை பயன்படுத்தி மிச்சம் பிடித்த காசைவிட வீணான நாட்களின் விலை அதிகம்.

சிறுக்காமல் பெருத்துக்கொண்டே போனால், ஏர்கோன் காற்று நேரே அடிக்கும் மேசையில் பட்டையின் மேல் வைத்த 100 மைக்ரோலிட்டர் துளி உலர்ந்து கெட்டியாகிறது. சின்ன டப்பாவைக் கவிழ்த்து மூடுங்கள். இரவில் ஏர்கோன் நின்று அறை 30 டிகிரிக்கு ஏறினாலும் முகடு வளரும். ஒரு டிகிரிக்குச் சுமார் 2 சதவீதம், அயனிகள் கரைசலில் விரவும் வேகம் கூடுகிறது. அளவுக்கோட்டைக் காலையிலும் மாதிரியை மாலையிலும் ஓட்டாதீர்கள்.

அறிகுறி: முகடு இடம் மாறுகிறது

ஒருவர் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் பிடித்த கடல்நீரையும் வீட்டுக் குழாய்த் தண்ணீரையும் ஒரே வகைப் பட்டையில் ஓட்டிவிட்டு, "குழாய்த் தண்ணீரில் காட்மியம் இருக்கு" என்று பதற்றத்தோடு வந்தார். கோட்டைப் பார்த்தேன். முகடு −0.7க்கு அருகில் இருந்தது. அது காட்மியம் இல்லை, இடம்பெயர்ந்த காரீயம்.

அச்சிட்ட பட்டைகளில் ஒப்பு மின்முனை என்று இருப்பது வெறும் வெள்ளிப் பூச்சு. அதன் மின்னழுத்தம் கரைசலில் உள்ள குளோரைடைப் பொறுத்தது. குளோரைடு பத்து மடங்கு குறைந்தால் 59 மில்லிவோல்ட் நகரும். கடல்நீரில் குளோரைடு சுமார் 0.55 மோலார். லிட்டருக்கு 10 மில்லிகிராம் குளோரைடு உள்ள நன்னீரில் 0.0003 மோலார்கூட இல்லை. கணக்குப் போட்டால் வித்தியாசம் 190 மில்லிவோல்ட்டைத் தாண்டுகிறது, காரீயத்தைக் காட்மியத்தின் வாசலில் கொண்டுபோய் நிறுத்த அது போதும். என் செய்முறையில் 0.1 மோலார் பொட்டாசியம் குளோரைடு இருப்பது இதற்காகத்தான். அதைச் சேர்த்துவிட்டால் நகர்வு சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் அடங்கிவிடும். அதையும் நம்பாமல், முகடு எது என்று தெரிய வேண்டுமென்றால் அதே மாதிரியில் கொஞ்சம் காரீயம் சேருங்கள். எந்த முகடு வளர்கிறதோ அதுதான் காரீயம்.

கண்ணாடி உடல் கொண்ட ஒப்பு மின்முனை நகர்ந்தால், உள்ளே உள்ள பொட்டாசியம் குளோரைடு வற்றியிருக்கும் அல்லது நுனி அடைத்திருக்கும். நல்ல நிலையில் உள்ள இன்னொன்றோடு சேர்த்து ஒரே கரைசலில் முக்கி வோல்ட்மீட்டரில் பாருங்கள். ஐந்து மில்லிவோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் ஒதுக்கிவையுங்கள்.

அறிகுறி: பஃபரிலேயே காரீய முகடு

எங்கிருந்து வருகிறது என்று ஊகிக்காதீர்கள், இரட்டிப்பாக்கிப் பாருங்கள். அசிடேட்டை இரண்டு மடங்காக்கினால் முகடும் இரண்டு மடங்கானால் குற்றவாளி உப்பு. பிஸ்மத்தை இரட்டித்தால் வளர்கிறது என்றால் பிஸ்மத் கரைசலில் காரீயம் கலந்திருக்கிறது. எதற்கும் அசையவில்லை என்றால் கிண்ணம், கலக்கித் துண்டு, பிப்பெட் முனை இவற்றில் ஒன்று. நிறமேற்றிய முனைகளை விட்டுவிட்டு நிறமற்றவற்றுக்கு மாறுங்கள். அதிக அளவு ஸ்டாண்டர்டை ஓட்டிய கையோடு காரீயம் சேர்க்காத வெற்றுக் கரைசலை ஓட்டினால் பழைய காரீயம்தான் பேசும். எப்போதும் குறைவிலிருந்து அதிகத்துக்குப் போங்கள்.

எங்களுக்கு ஒரு மாதம் இந்தத் தொல்லை இருந்தது. பக்கத்து மேசையில் பொட்டென்ஷியோஸ்டாட் (மின்முனையின் மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) பலகைகளுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தார்கள், பழைய 63–37 சால்டர் கம்பியில். அதில் 37 பங்கு காரீயம். அதைத் தொட்ட கையோடு கதவுப்பிடி, கதவுப்பிடியைத் தொட்ட கையோடு பிப்பெட். சால்டர் மேசையை வேறு அறைக்கு மாற்றினோம், முகடு மறைந்தது. பாயான் லெப்பாஸ் பக்கம் மின்னணுப் பலகைகளோடு புழங்கிவிட்டு லேபுக்கு வரும் பகுதிநேர மாணவர்கள் இதை நினைவில் வையுங்கள்.

அறிகுறி: கோடு நடுங்குகிறது

ஒழுங்கான இடைவெளியில் நடுங்கினால் வீட்டு மின்சாரம். நமக்கு 50 ஹெர்ட்ஸ். மடிக்கணினியின் சார்ஜரைப் பிடுங்கிப் பேட்டரியில் ஓட்டுங்கள், கிண்ணத்தை ஓர் உலோகப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியை நில இணைப்போடு சேருங்கள். ஒழுங்கில்லாமல் துள்ளினால் குமிழ், அல்லது கலக்கி நிற்கவில்லை.

அறிகுறி: முகட்டுக்குத் தோள் முளைக்கிறது, அல்லது இரண்டாகப் பிளக்கிறது

காரீயம் அதிகமாகிப் பிஸ்மத் போதாமல் போனால் பிளக்கும். பிஸ்மத் குறைந்தது பத்து மடங்காவது இருக்கட்டும்; படியவிடும் நேரத்தைப் பாதியாக்குங்கள். செம்பு நிறைய இருந்தால் பிஸ்மத்தோடு இடத்துக்குப் போட்டியிட்டு காரீய முகட்டை நசுக்கும். 0.1 மில்லிமோலார் ஃபெர்ரோசயனைடு சேர்த்தால் செம்பைக் கட்டிப்போடலாம். துத்தநாகம் பூசிய கால்வனைஸ் குழாய் உள்ள பழைய பிளாட்களில் துத்தநாகம் மலைபோல் வரும். துத்தநாகத்தையும் பிடிக்கச் சிலர் −1.2இல் படியவிடுவார்கள்; உங்களுக்குக் காரீயம் மட்டும் போதுமென்றால் அது வேண்டியதே இல்லை. −0.9க்கு ஏற்றிவிடுங்கள், துத்தநாகம் படியவே படியாது.

இதைத் தாண்டி ஒரு வழக்கு இருக்கிறது. நம் வீடுகளுக்கே உரியது. அத்தையின் சொம்புக்கு இப்போது வருகிறேன்.

ஈயம் என்று நாம் சொல்வது இரண்டு உலோகங்களை. ஈயச் சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில். கேடு செய்வது காரீயம். விலை குறைக்க முன்னதில் பின்னதைக் கலந்துவிடுவார்கள் என்பதால்தான் நம் பயமே. ஆனால் மின்முனையில் வெள்ளீயத்தின் முகடும் −0.5 பக்கத்தில், காரீயத்தின் மேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். சுத்தமான வெள்ளீயச் சொம்பைக்கூட உணரி காரீயம் என்று சொல்லிவிடலாம். கலப்படச் சொம்பின் காரீயத்தை வெள்ளீயம் என்று நாமே தள்ளிவிடவும் கூடும்.

நான் செய்தது இது. சொம்பில் 4 சதவீத அசிட்டிக் அமிலத்தை ஊற்றி, மூடி, 24 மணி நேரம் வைத்தேன். பீங்கான் பாத்திரங்களுக்கு இப்படித்தான் சோதனை செய்வார்கள். அந்த அமிலத்தை அப்படியே அளந்தபோது பெரிய முகடு எழுந்தது. பிறகு அதே அமிலத்தில் ஒரு பகுதியை நைட்ரிக் அமிலத்தோடு நன்றாகக் காய்ச்சினேன். சூடான நைட்ரிக் அமிலத்தில் வெள்ளீயம் கரையாத வெள்ளைப் பொருளாக மாறிவிடும், காரீயம் கரைசலிலேயே நிற்கும். பித்தளையைப் பகுத்தாய்பவர்கள் வெகுகாலமாகச் செய்துவரும் வேலை இது. வடிகட்டி, அமிலத்தைத் தணித்து, பிஎச் 4.5க்குக் கொண்டுவந்து அளந்தேன். அந்த வெள்ளைப் பொருள் கொஞ்சம் காரீயத்தையும் இழுத்துக்கொண்டு போகக் கூடும் என்பதால், இன்னொரு பகுதியில் காய்ச்சுவதற்கு முன்பே தெரிந்த அளவு காரீயத்தைச் சேர்த்து, எவ்வளவு திரும்பி வருகிறது என்றும் பார்த்தேன். இதைச் செய்யாமல் முடிவு சொல்லாதீர்கள்.

காய்ச்சிய பிறகு முகடு நன்றாகச் சுருங்கியது. பெரும்பகுதி வெள்ளீயம்தான். ஆனால் முழுதாகப் போகவில்லை. மிச்சம் நின்ற முகடு காரீயம் சேர்க்கச் சேர்க்க அதே இடத்தில், அதே வடிவில் வளர்ந்தது. அன்றைக்குத் தட்டையாக ஓடிய ரசத்தையும் இதே மாதிரி காய்ச்சி அளந்தேன். அதிலும் சின்னதாக, சந்தேகமில்லாமல், ஒரு முகடு.

அத்தைக்குப் போன் செய்வதற்கு முன் ஒரு பாட்டிலை ஐசிபி-எம்எஸ் (மிகச் சிறிய அளவு உலோகத்தையும் அளக்கும் கருவி) உள்ள, அங்கீகாரம் பெற்ற லேபுக்கு அனுப்பினேன். ஒரு வீட்டுக்காரரிடம் "உங்கள் பாத்திரத்தில் காரீயம்" என்று சொல்ல உங்கள் கையால் செய்த உணரி மட்டும் போதாது. அங்கேயும் காரீயம் இருக்கிறது என்றே வந்தது. மிச்சமிருந்த கரைசல்களைத் தொட்டியில் ஊற்றாமல் உலோகக் கழிவு பாட்டிலில் சேர்த்து, தேதியும் அளவும் எழுதி வைத்தேன். அப்புறம் அத்தையை அழைத்து, சொம்பில் ஊதுபத்தி செருகி வைக்கலாம், ரசத்தை எவர்சில்வரில் வையுங்கள் என்றேன். "வாசனை வராதேப்பா" என்றார். வராதுதான் அத்தை, பரவாயில்லை என்றேன்.